வாகனம் வராத ஐந்து வருடம்

2020 மார்ச் மாதம், கொரோனாவுக்காக நாடு முடங்கிக்கொண்டிருந்த பரபரப்புக்குள் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. டொலரைக் காப்பாற்றச் சில மாதங்களுக்கு எடுத்த ஏற்பாடு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். தனியார் பாவனை வாகனங்களுக்குத் திரும்ப வழி திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருடம் போய்விட்டது. நான் சுன்னாகத்தில் இந்திய மோட்டார் சைக்கிள் நிறுவனமொன்றின் உப முகவராகக் கடை வைத்திருக்கிறவன். அந்த ஐந்து வருடத்தில் யாருடைய பணம் யாருடைய கைக்குப் போனது என்பதைக் கடைக்குள் இருந்தே பார்த்தேன்.

எங்கள் தொழிலின் அமைப்பைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். இறக்குமதி செய்கிற பெரிய நிறுவனம் கொழும்பில் இருக்கும். அதற்குக் கீழே மாவட்ட முகவர்கள், அவர்களுக்கும் கீழே சுன்னாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை போன்ற ஊர்களில் எங்களைப் போன்ற உப முகவர்கள். ஒரு சைக்கிள் விற்றால் எங்களுக்குக் கிடைப்பது ஒரு சிறிய கமிஷன். லீசிங் கம்பனிக்கு ஆள் பிடித்துக் கொடுத்தால் அதிலும் கொஞ்சம். மிச்சம் சேர்விஸ், ஒயில், உதிரிப்பாகம். பெரிய நிறுவனங்களுக்கு வேறு தொழில்களும் உண்டு. தடைக் காலத்தில் அவை உதிரிப் பாகங்களை வரவழைத்து உள்ளூரில் பொருத்தி விற்கிற வழியையும் தேடிக்கொண்டன. அப்படி வந்த சொற்ப சைக்கிள்கள் கொழும்பையும் கண்டியையும் தாண்டி எங்கள் வாசலுக்கு வருவது அரிது. கண்ணாடி போட்ட என் கடை முன்பக்கத்தில் சைக்கிள் நின்ற இடத்தில் ஹெல்மெட்டையும் பற்றரியையும் அடுக்கினேன். விற்பனைக்கு நின்ற பெடியள் இரண்டு பேர் கட்டாருக்குப் போனார்கள். சேர்விஸ் பகுதிதான் கடை வாடகையைக் கட்டியது.

தடையே தேவையில்லை என்று நான் வாதாட வரவில்லை. 2018இல் மட்டும் சொந்தப் பாவனை வாகனங்களுக்காக நாடு 150 கோடி டொலருக்கு மேல் செலவழித்திருந்தது. கொரோனாவோடு சுற்றுலா வருமானம் விழுந்தது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே அறிவித்தது. 2020 தொடக்கத்தில் 180 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர், 2022 மே மாதம் 360 வரை போனது. மருந்துக்கும் எரிவாயுவுக்கும் டொலர் இல்லாத நேரத்தில் சொகுசு ஜீப்புக்கு டொலர் கொடுக்க எந்த அரசாங்கத்தாலும் முடியாது. என் மனவருத்தம் வேறு. 4 கோடி ரூபாய் ஜீப்பையும், வலிகாமத்துத் தோட்டக்காரன் வெங்காயம் ஏற்றுகிற லான்ட்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு இயந்திரத்தையும், ஒரு ஆசிரியை பள்ளிக்கூடம் போகிற ஸ்கூட்டியையும் ஒரே பட்டியலில் வைத்துப் பூட்டினார்கள்.

ஸ்கூட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போருக்குப் பிறகு யாழ்ப்பாணத்துப் பெண்களின் வாழ்க்கையை மாற்றியது எது என்று கேட்டால் நான் தயங்காமல் ஸ்கூட்டியைத்தான் சொல்வேன். தாதி, ஆசிரியை, கிராம அலுவலர், வங்கி ஊழியர் என்று காலையில் காங்கேசன்துறை வீதியில் போகிறவர்களைப் பார்த்தாலே தெரியும். தடைக் காலத்தில் என் கடைக்கு வந்த ஒரு ஆசிரியைக்கு வன்னியில் முதல் நியமனம் கிடைத்திருந்தது. பஸ் இறங்கிய இடத்திலிருந்து பள்ளிக்கூடம் பல கிலோமீற்றர் உள்ளே. “அண்ணை, பழசு எண்டாலும் பரவாயில்லை, ஒரு ஸ்கூட்டி வந்தால் முதல் எனக்குச் சொல்லுங்கோ” என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் போன் எடுப்பா. கடைசியில் ஒன்று அமைந்தது. முதல் சொந்தக்காரர் புதிதாக வாங்கின விலையைவிட, பல வருடம் ஓடித் தேய்ந்த அதே ஸ்கூட்டிக்கு இவ கொடுத்த விலை கூட. அந்த மேலதிகப் பணம் அரசாங்கத்துக்கு வரியாகப் போகவில்லை. அதனால் ஒரு டொலர் மிச்சப்படவும் இல்லை. ஏற்கெனவே வாகனம் வைத்திருந்தவரின் பைக்குள் போனது. நாடு முழுக்க நடந்தது இதுதான். வாகனம் இல்லாத இளம் ஆட்கள், இருக்கிறவர்களுக்குக் கப்பம் கட்டினார்கள்.

புதுச் சைக்கிள் வராத சந்தையில் தரகர்கள் பெருகினார்கள். நானும் பழைய வாகனம்தான் வாங்கி விற்றேன். பழையதை வாங்குமுன் நான் செய்கிற முதல் வேலை, சேஸ் இலக்கத்தின் மேல் ஒரு மெல்லிய கடதாசியை வைத்துப் பென்சிலால் உரசி எடுப்பது. எழுத்துகள் கடதாசியில் ஒரே ஆழத்தில் வர வேண்டும். ஒரு இலக்கம் மட்டும் மங்கலாகவோ சரிந்தோ வந்தால், அரத்தால் தேய்த்துத் திரும்ப அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தடைக் காலத்தில் அப்படிச் சரிந்த இலக்கங்கள் முந்தியதைவிடக் கூட வந்தன. அடுத்த தலையிடி ‘ஓப்பன் பேப்பர்’. விற்கிறவர் உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்துவிடுவார். வாங்குகிறவரின் பெயர் வெறுமையாக இருக்கும். அதே கடதாசியோடு வாகனம் மூன்று நான்கு கை மாறும். பதிவில் உள்ளவர் அதற்குள் பிரான்சிலோ கனடாவிலோ இருப்பார். விபத்து நடந்தால், பொலிஸ் பிடித்தால், கடைசியாக வாங்கினவர்தான் அலைவார்.

2022 யூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று தொடங்கினார்கள். பங்கீடு வாகனப் பதிவுக்கு என்றபடியால், ஓடாமல் கோடிக்குள் கிடந்த சைக்கிளுக்கும் விலை வந்தது. என்ஜின் இறுகிப்போன ஒரு பழைய சைக்கிளை அதன் பதிவுப் புத்தகத்துக்காகவே கேட்டு வந்தார்கள். அரசாங்கம் ஒரு கதவைப் பூட்டினால் சனம் எந்த யன்னலால் வரும் என்பதை முதலே யோசிக்க வேண்டும். அந்த யோசனை இந்தத் தீர்மானங்களில் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு இது புதிதில்லை என்று பலர் சொல்வார்கள். உண்மைதான். 1960களிலும் 70களிலும் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இருந்தபடியால்தான் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற பிரித்தானியக் கார்களைக் கழற்றிப் பூட்டிப் பல பத்தாண்டு ஓடினோம். என் ஐயா ஒரு கேம்பிரிட்ஜை வாடகைக்கு ஓடியவர். 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்து யப்பான் வாகனங்கள் இறங்கின. 1990இல் போரோடு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்ததும் பெற்றோல் அருமையாகிப் போனது. ஐயா ஒரு சிறிய போத்தலில் கொஞ்சப் பெற்றோலைப் பத்திரமாக வைத்திருப்பார். மெல்லிய குழாயால் காபரேற்றருக்குள் சில துளி விட்டு ஸ்டார்ட் பண்ணுவார். என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடும். வீதியெல்லாம் அந்த மணம்தான். அந்தக் கெட்டித்தனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் “யாழ்ப்பாணத்தான் எப்படியும் சமாளிப்பான்” என்ற பேச்சைக் கொள்கையாக வைத்து ஒரு நாட்டை நடத்தக்கூடாது.

போர் முடிந்த 2009க்குப் பிறகு எங்கள் பக்கம் லீசிங் கம்பனிகள் வரிசையாகக் கிளை திறந்தன. ஸ்ரான்லி வீதியில் போனால் ஒரு காலம் அவற்றின் பெயர்ப்பலகைகள்தான். அப்போதும் அரசின் கை இருந்தது. 2017 ஜனவரியில் மத்திய வங்கி, ஓட்டோவுக்கு அதன் பெறுமதியில் 25 வீதத்துக்கு மேலும், காருக்கு 50 வீதத்துக்கு மேலும் கடன் கொடுக்கக்கூடாது என்று கட்டளையிட்டது. கடனில் மூழ்கியவர்களின் ஓட்டோக்களை ‘சீஸ்’ பண்ணிக்கொண்டு போவதைப் பார்த்த எனக்கு அந்தக் கட்டளை நியாயமாகவே பட்டது. அதனால் விற்பனை குறைந்ததைத் தாங்கிக்கொண்டோம். அது அளவோடு இருந்தது. தொழிலை அடியோடு நிறுத்தவில்லை.

2025இல் வழி திறந்தபோது வேறொரு சுவர் நின்றது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு ஏறத்தாழ 300 கோடி டொலர் உதவிக்கு உடன்பட்ட அரசாங்கத்துக்கு வருமானம் காட்ட வேண்டும். வாகன வரி அதற்குச் சுலபமான வழி. துறைமுகத்தில் வந்திறங்கும் விலை 10 லட்சம் என்று வைத்து ஒரு காருக்குக் கணக்குப் பார்ப்போம். 2025 பெப்ரவரி விதிப்படி சுங்க வரி 20 வீதம், அதாவது 2 லட்சம். அந்த வரியின் மேல் 50 வீத மேலதிக வரி, இன்னுமொரு லட்சம். அதற்குப் பிறகு என்ஜின் கொள்ளளவைப் பார்த்து உற்பத்தி வரி. பெரிய பாரம் அதுதான். இவ்வளவையும் கூட்டி, அதன்மேல் 18 வீத வற். விலை கூடின வாகனமென்றால் ஆடம்பர வரி தனி. வரிக்கும் வரி கட்டுகிற இந்தக் கணக்கோடு, ரூபாயின் மதிப்பும் 2020இல் இருந்ததைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. வழி திறந்தால் விலை இறங்கும் என்று காத்திருந்தவர்கள் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

இன்னொரு விதி பலருக்குத் தெரியாது. இறக்குமதியாளர் கொண்டுவந்த வாகனத்தை 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் மாதத்துக்கு, இறக்கிய விலையில் 3 வீதம் தண்டம். பதுக்கி வைத்து விலை ஏற்றுவதைத் தடுக்க இது நல்ல விதி. ஆனால் அதன் அவசரம் கீழே எங்கள் தலையில் இறங்குகிறது. சீக்கிரம் விற்றுத் தா, இல்லாவிட்டால் சரக்கை வேறு ஊருக்கு அனுப்புகிறோம் என்பார்கள். வெங்காய அறுவடைக்கும், வெளிநாட்டுக் காசு வரும் ஆவணிக்கும் காத்திருந்து வாங்குகிற ஊர் எங்களுடையது. கொழும்பு வேகத்தில் இங்கே விற்க முடியாது.

மற்ற நாடுகளிலும் அரசாங்கங்கள் இந்தத் தொழிலுக்குள் கை வைக்கத்தான் செய்கின்றன. பக்கத்து இந்தியாவில் புகை மாசைக் குறைக்கும் பிஎஸ்-6 விதி 2020 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வரும் என்று 2016 ஜனவரியிலேயே அறிவித்தார்கள். நாலு வருட அவகாசம். அமெரிக்காவில் 2009இல் அரசு பணம் போட்டு ஜெனரல் மோட்டோர்ஸையும் கிறைஸ்லரையும் காப்பாற்றியபோது, கிறைஸ்லர் 789 முகவர்களை ஒரு மாதத்துக்கும் குறைந்த அவகாசத்தில் நீக்கியது. ஊரூராக முகவர்கள் குரல் எழுப்ப, அந்த வருட டிசம்பரிலேயே அவர்கள் நடுவர் முன் முறையிட வழி செய்து காங்கிரஸ் சட்டம் இயற்றியது. எங்களுக்கு முறையிட ஒரு மேசை இருந்ததில்லை. வர்த்தமானி வெளிவந்த பிறகு அதைப் பத்திரிகையில் வாசித்துத்தான் எங்கள் தொழில் நின்றதை அறிந்தோம்.

வடக்கிலிருந்து பாராளுமன்றம் போனவர்களிடமும் நிதி அமைச்சிடமும் நான் கேட்பது பெரிதில்லை. இனி ஒருமுறை டொலர் தட்டுப்பாடு வந்தால் சிறிய மோட்டார் சைக்கிளையும் ஸ்கூட்டியையும் லான்ட்மாஸ்டரையும் சொகுசு வாகனத்திலிருந்து பிரித்துப் பாருங்கள். வரி மாற்றத்தைச் சில மாதம் முன்கூட்டியே சொல்லுங்கள். தீர்மானம் எடுக்கிற கூட்டத்துக்குக் கொழும்பு இறக்குமதியாளரோடு ஊர்க் கடைக்காரரில் ஒருவரையும் கூப்பிடுங்கள். அழைப்பு வந்தால் இரவு பஸ் ஏறி விடியக் கொழும்பில் நிற்க நான் தயார்.