கற்பிட்டி மணலில் மாரிகால வீட்டுத்தோட்டம்

நுவரெலியாவில் ஆண்டு முழுவதும் குளிர் உண்டு. பெரும்பாலான மாதங்களில் மழையும் உண்டு. புத்தளம் கரையோரத்தில் வாழும் நமக்கோ மழையும் தணிந்த வெயிலும் ஒருங்கே கிடைப்பது ஐப்பசி தொடக்கம் தை வரையிலான சில மாதங்களுக்கே. இம்மாரியை நம்பியே தப்போவ போன்ற குளங்களின் கீழ்ப் பெரும்போக நெல் விதைக்கப்படுகின்றது. அதே மழையைக் கொண்டு கற்பிட்டி, ஆலங்குடா, நுரைச்சோலை, ஏத்தாளை முதலிய ஊர்களில் வீட்டைச் சூழவுள்ள நிலத்திலே குடும்பத்துக்கு வேண்டிய மரக்கறியைப் பெறலாம். நீர் இறைக்கும் வேலை குறையும், நாற்றுக்களும் வாடா. ஆயினும் நமது கிணறுகளுக்குக் கேடு நேருவதும் இக்காலத்திலேதான். அதனை அறிந்து தடுப்பதே மாரிகாலத் தோட்டத்தின் முதற்பாடம்.

பசளை எங்கே போகின்றது?

நமது நிலம் கடல் மணல். நீரையும் பசளையையும் பிடித்து வைக்கும் ஆற்றல் களிமண்ணுக்கு உண்டு. மணலுக்கு மிகக் குறைவு. மண்ணில் இட்ட யூரியாவை நுண்ணுயிர்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. நைத்திரேற்று நீரிலே எளிதிற் கரைவது. பலத்த மழை பெய்தால் அது பயிரின் வேரைக் கடந்து கீழிறங்கி நிலத்தடி நீரோடு கலந்துவிடுகின்றது.

கற்பிட்டித் தீபகற்பத்தின் ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. இடையிலுள்ள மணலுக்குள்ளே மழைநீர் ஒரு படலமாக, கனத்த உப்புநீரின்மேல் மிதந்து நிற்கின்றது. தோட்டத்துக்கு இறைப்பதும் இந்நீரே. அடுக்களைக்கு எடுப்பதும் இந்நீரே. தீபகற்பத்தில் 1980களிலும் 1990களிலும் நடந்த ஆய்வுகள், மிகுதியாகப் பசளையிட்டுப் பயிர்செய்யும் இடங்களின் நிலத்தடி நீரில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பதைக் காட்டின. குடிநீரில் ஓர் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தல் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை.

நைத்திரேற்றுக்கு நிறமில்லை; மணமுமில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அத்தகைய நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றி உடல் நீலம் பாரிக்கக்கூடும். நீரைக் கொதிக்க வைப்பதாற் பயனில்லை. நீர் வற்ற வற்ற நைத்திரேற்றின் செறிவு கூடுமேயன்றிக் குறையாது.

மணலுக்குப் பிடிப்பு உண்டாக்குதல்

இதற்குரிய முதல் வழி, மணலில் மக்கிய பொருளைச் சேர்ப்பதாகும். நன்கு மக்கிய சாணம், கூட்டெரு, சீமைக்கிளுவைத் தழை ஆகியவற்றைப் பாத்தியிற் கலக்க வேண்டும். நெற்செய்கையாளர் வைக்கோலை வயலிலே எரித்துவிடாது, ஒரு பகுதியைத் தோட்டத்துக்குக் கொண்டு வந்து செடிகளின் அடியில் மூடாக்காகப் பரப்பலாம். தென்னம் பொச்சு மட்டையைக் குழியில் அடுக்கி மேலே மண்ணிட்டு நட்டால், அது நீரைப் பிடித்து வைத்துப் பின்னர் வேருக்குக் கொடுக்கும். எருவென்றாலும் அளவு வேண்டும். கோழியெருவை மிகுதியாகக் கொட்டினால் அதுவும் நைத்திரேற்றாகிக் கிணற்றையே சேரும்.

பசளையிடும் முறை

இரசாயனப் பசளை இடுவோர் அதனை ஒரே தடவையில் இடலாகாது. சிறிது சிறிதாகப் பிரித்து, செடி வளர்ந்து வேரூன்றிய பின்னர், மழை ஓய்ந்திருக்கும் நாளில் இடுக. மேகம் கறுத்திருக்கும் மாலையில் இட்ட பசளை அடுத்த நாள் பயிருக்கு உதவாது. பணமும் நீரோடு போய்விடும்.

மற்றொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. ஓர் இலீற்றரில் 50 மில்லிகிராம் நைத்திரேற்று உள்ள கிணற்று நீரை 1,000 இலீற்றர் இறைத்தால், ஏறக்குறைய 11 கிராம் நைதரசன் பயிருக்குச் சேருகின்றது. ஆகவே கிணற்று நீரைச் சோதித்தறிந்தவர், அதற்கேற்ப யூரியாவைக் குறைத்துக்கொள்ளலாம்.

2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளையின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடை நீக்கப்பட்டது. ஒரே போகத்தில் எல்லாவற்றையும் மாற்றுதல் இயலாது என்பதை அவ்வனுபவம் காட்டிற்று. போகந்தோறும் கூட்டெருவைக் கூட்டி, யூரியாவைப் படிப்படியாகக் குறைப்பதே தக்க வழி.

நாற்றும் பயிரும்

மழைக்காலத்தில் நாற்றுக்கள் அடியழுகிச் சாவது வழக்கம். இதனைத் தடுக்க, நாற்றுமேடையை அரை அடி உயர்த்தி, அதன்மேல் வைக்கோலையும் உமியையும் அடுக்கி எரித்து, ஆறிய பின்னர் விதையிடுக. கிடுகாற் பந்தலிட்டால் மழைத்துளி நேரே அடியாது. கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவை ஓரினத்தன; ஒன்று நின்ற பாத்தியில் அடுத்த போகம் மற்றதை நடலாகாது. அங்கே பயற்றையோ வெண்டியோ இடுக. பந்தலிற் பாகலை ஏற்றுக. வேலியோரத்தில் முருங்கையை நடுக. அதன் ஆழ்ந்த வேர், கீழிறங்கும் பசளையில் ஒரு பகுதியைத் தடுத்து எடுத்துக்கொள்ளும்.

அறுவடையான பாத்தியை மழையில் வெறுமையாக விடாது, உடனே கீரை விதையுங்கள். எஞ்சிய பசளையைக் கீரையின் வேர் உறிஞ்சிக்கொள்ளும். வீட்டுக்குக் கறியும் ஆகும். எருக்குவியலையும் மலசலகூடக் குழியையும் கிணற்றுக்கு 50 அடிக்குள் அமைக்கலாகாது. மணல் நிலத்தில் இன்னும் விலகியிருத்தல் நன்று.

வீட்டிற் கைக்குழந்தை இருப்பின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுக் கிணற்று நீரைச் சோதிப்பித்துக்கொள்ளுங்கள். பயிருக்குரிய பசளையளவை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் அறிந்துகொள்ளுங்கள்.

கார்த்திகையில் நம் தோட்டத்தில் இறங்கும் மழையே வைகாசியில் நம் குடத்தில் ஏறுகின்றது. அது தூயதாக ஏற வேண்டுமாயின், தூயதாக இறங்குவதற்கு வழி செய்தல் நம் கடமை.