கரண்டியும் கடலைப் பருப்பும்: வீட்டில் வகைப்படுத்தக் கற்கும் குழந்தை

பொருள்களுக்கு இடையே உள்ள ஒற்றுமை வேற்றுமைகளைக் கண்டு, ஒத்தவற்றை ஓரிடத்திலும் ஒவ்வாதவற்றை வேறிடத்திலும் சேர்க்கும் செயல் வகைப்படுத்தல் எனப்படும். நிறம், வடிவம், பயன் என எந்தப் பண்பைக் கொண்டு பொருள்கள் சேர்க்கப்படுகின்றனவோ அதுவே அந்த வகைப்பாட்டின் அடிப்படை ஆகிறது. இதற்கு நெருங்கிய உறவுடைய வரிசைப்படுத்தல் என்பது, சிறியதிலிருந்து பெரியது வரை, வெளிர்நிறத்திலிருந்து அடர்நிறம் வரை என ஒரே பண்பு படிப்படியாகக் கூடிச் செல்லுமாறு பொருள்களை அடுக்குவது. இவ்விரண்டும் எண்ணறிவுக்கு அடித்தளமானவை என்பதைப் பெற்றோர் பலர் கருதிப் பார்ப்பதில்லை. ஒன்றிலிருந்து நூறு வரை தடங்கலின்றி ஒப்பிக்கும் குழந்தையிடம் சமையலறையில் உள்ள கரண்டிகளை எண்ணச் சொன்னால், எது கரண்டி, எது கரண்டியன்று என்ற முடிவை அது முதலில் எடுத்தாக வேண்டும்; ஜல்லிக்கரண்டியைச் சேர்ப்பதா, தோசைத் திருப்பியை விடுவதா என்று தீர்மானிக்காமல் எண்ணிக்கையைத் தொடங்கவே முடியாது.

வகை காணும் ஆற்றலின் விதை மிக இளம் பருவத்திலேயே இருக்கிறது. மூன்று, நான்கு மாதக் குழந்தைகளுக்குப் பூனைப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிவிட்டு, பிறகு புதிய பூனை ஒன்றையும் நாய் ஒன்றையும் அருகருகே காட்டினால், குழந்தைகள் நாயையே நெடுநேரம் பார்க்கின்றன என்பதைப் பீட்டர் குவின், பால் ஈமாஸ் ஆகியோரின் ஆய்வுகள் 1990களின் தொடக்கத்தில் வெளிப்படுத்தின. பார்த்துப் பார்த்துப் பழகிய வகையில் அடங்காத ஒன்று எதிர்ப்பட்டதால்தான் பார்வை அங்கே நிலைக்கிறது. ஆயினும் கண்ணால் வேறுபாடு உணர்வதற்கும், ஓர் அடிப்படையை மனத்தில் இருத்தி அதன்படி கையால் பிரித்து வைப்பதற்கும் இடையே சில ஆண்டுத் தொலைவு உண்டு.

அந்த ஆண்டுகளில் நிகழ்வதை நுணுகிப் பார்த்தவர்கள் சுவிட்சர்லாந்தின் ஜான் பியாஜேயும் அவருடன் பணியாற்றிய பார்பெல் இன்ஹெல்டரும் ஆவர். வகைப்படுத்தலையும் வரிசைப்படுத்தலையும் பற்றி இருவரும் எழுதிய நூல் 1959இல் வெளிவந்தது. வட்டம், சதுரம், முக்கோணம் எனப் பல வடிவங்களைத் தந்து ஒத்தவற்றைச் சேர்க்கச் சொன்னபோது, மிக இளைய குழந்தைகள் அவற்றை நீள வரிசையாக வைத்தன, அல்லது சதுரத்தின் மேல் முக்கோணத்தை ஏற்றி வீடாக்கின. சிவப்புச் சதுரத்தின் பக்கத்தில் சிவப்பு வட்டத்தை வைத்த குழந்தை, அடுத்ததாக நீல வட்டத்தை வைக்கும். நிறத்தில் தொடங்கியது இடையிலேயே வடிவத்துக்குத் தாவிவிடும். இதைக் கவனக்குறைவு என்றோ விளையாட்டுத்தனம் என்றோ தள்ளிவிடுவது எளிது. ஆனால் அடுத்தடுத்த இரு பொருள்களுக்கு இடையே ஒற்றுமை இருக்கிறது. முழுத் தொகுதிக்கும் பொதுவான ஒரே அடிப்படை வேண்டும் என்பது மட்டுமே இன்னும் பிடிபடவில்லை. ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கியும் மரக்கட்டைகளைக் கொண்டு நடத்திய சோதனைகளில் இத்தகைய சங்கிலித் தொடர்களைக் கண்டார்.

குழந்தைகளிடம் அடிக்கடி காணப்படும் மற்றொரு முறை, ஒன்றாகப் பயன்படுபவற்றை ஒன்றாகச் சேர்ப்பது. பூட்டோடு சாவி, சோப்போடு துண்டு, தட்டோடு இட்லி என்று குழந்தை சேர்க்கும்போது, இட்லி தின்பண்டம், தட்டு பாத்திரம் என்று திருத்த முனைவோர் அவசரப்பட வேண்டியதில்லை. வைகாட்ஸ்கியின் உடன் ஆய்வாளரான அலெக்சாண்டர் லூரியா 1931, 1932ஆம் ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தான் சிற்றூர்களுக்குச் சென்று, சுத்தியல், ரம்பம், கோடரி, மரக்கட்டை ஆகிய நான்கில் சேராதது எது என்று பள்ளி செல்லாத உழவர்களிடம் கேட்டார். கருவிகள் மூன்று, கட்டை மட்டும் தனி என்னும் விடையைப் பலர் ஏற்கவில்லை. அறுக்கவும் பிளக்கவும் கட்டை இல்லாவிட்டால் மற்றவற்றால் என்ன பயன் என்பது அவர்கள் வாதம். வாழ்க்கை நோக்கில் அந்த வாதத்தில் குறையொன்றும் இல்லை. பள்ளி எதிர்பார்க்கும் வகைப்பாடு பல வகைப்பாடுகளுள் ஒன்று என்பதும், அதைக் கற்பிக்கப் பயன்வழிச் சேர்க்கையை அழிக்கத் தேவையில்லை என்பதும் பெற்றோர் மனத்தில் கொள்ளத்தக்கவை.

தொடக்கப் பயிற்சிக்கு மரியா மாண்டிசோரியின் ஒரு கொள்கை பெரிதும் உதவும். 1907இல் ரோம் நகரில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தவரும், 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து உலகப்போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றியவருமான அவர், கற்பிக்கும் பண்பு ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் ஒத்திருக்குமாறு தம் கருவிகளை அமைத்தார். நிறம் கற்பிக்கும் பலகைகள் அனைத்தும் ஒரே அளவு, ஒரே வடிவம். மாறுவது நிறம் மட்டுமே. வீட்டில் இதைப் பின்பற்றுவது கடினமன்று. இரண்டு வயதுக் குழந்தைக்குத் துவைத்துக் காய்ந்த காலுறைகளில் ஜோடி சேர்க்கும் வேலையும், மூன்று வயதில் ஒரே அளவுள்ள துணிக் கவ்விகளை நிறவாரியாகப் பிரிக்கும் வேலையும், நான்கு வயதில் எவர்சில்வர் தம்ளர்களை உயர வரிசையில் நிறுத்தும் வேலையும் தரலாம்.

ஐந்து வயதை எட்டும் குழந்தைக்குப் பருப்பு வகைகளைவிடச் சிறந்த பாடப்பொருள் கிடைப்பது அரிது. துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, பாசிப் பருப்பு, உளுத்தம் பருப்பு ஆகிய நான்கிலும் ஒவ்வொரு பிடி எடுத்துத் தாம்பாளத்தில் கலந்து, நான்கு கிண்ணங்களோடு குழந்தையின் முன் வைத்தால், வெள்ளையான உளுத்தம் பருப்பு முதலில் பிரிந்துவிடும். எஞ்சிய மூன்றும் மஞ்சள். அதுவரை கைகொடுத்த நிறம் இங்கே கைவிடுகிறது. விரல்கள் தடவத் தொடங்குகின்றன. கடலைப் பருப்பு பருத்துப் புடைத்திருப்பதும், துவரம் பருப்பு வட்டமாகச் சற்றே தட்டையாக இருப்பதும், பாசிப் பருப்பு சிறுத்து நீண்டிருப்பதும் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. ஓர் அடிப்படை போதாதபோது மற்றொன்றைத் தேட வேண்டும் என்பதைச் சொல்லாமலே உணர்த்தும் இந்த வேலையில், தோல் நீக்காத கறுப்பு உளுந்தையும் சேர்த்துவிட்டால் அது வெள்ளை உளுந்தோடு சேருமா, தனியா என்ற நல்ல வழக்கு ஒன்றும் எழும். குழந்தை பாதியில் எழுந்து போய்விட்டாலும் இழப்பில்லை. கலந்து கிடக்கும் பருப்பை அரிசியோடு ஊறவைத்தால் அடைக்கு ஆயிற்று.

இத்தகைய வேலைகளில் பெரியவரின் பங்கு பெரும்பாலும் கேட்பதே. “இதை ஏன் இங்கே வைத்தாய்?” என்னும் கேள்வி, தவறு நேர்ந்த இடத்தில் மட்டும் எழுந்தால் அது கண்டிப்பாகவே ஒலிக்கும், சரியாக வைத்த இடத்திலும் கேட்கப்படும்போதுதான் குழந்தை தன் அடிப்படையைச் சொல்லால் வெளிப்படுத்தப் பழகும். தன் தட்டையும் தாத்தாவின் மூக்குக்கண்ணாடியையும் ஒன்றாக வைத்த குழந்தை, இரண்டும் உடையக்கூடியவை என்று காரணம் சொன்னால், அது முறையான வகைப்பாடே.

அடுத்த படி, அடிப்படையை மாற்றுவது. கனடிய உளவியலாளர் ஃபிலிப் செலாசோவும் அவர் குழுவினரும் 1990களில் வடிவமைத்த சோதனையில், படச் சீட்டுகளை முதலில் நிறப்படி பிரித்த மூன்று வயதுக் குழந்தைகள், இனி உருவப்படி பிரிக்க வேண்டும் என்று சொன்ன பிறகும் நிறப்படியே பிரித்துக்கொண்டிருந்தன. வியப்பு என்னவென்றால், புதிய விதி என்ன என்று கேட்டால் அதைச் சரியாகவே சொல்லின. கைதான் பழைய விதியில் நின்றது. நான்கு, ஐந்து வயதில் பெரும்பாலான குழந்தைகள் இத்தடையைக் கடக்கின்றன. துவைத்த துணிக்குவியலை முதலில் ஆள்வாரியாகப் பிரித்து, பின்னர் எல்லாவற்றையும் மீண்டும் கலந்து, சட்டை, பாவாடை, துண்டு என்று இனவாரியாகப் பிரிப்பது இதற்கேற்ற வீட்டுப் பயிற்சி. கடைகளில் அறிவு வளர்ச்சிக்கு உகந்தது என்று விலைகூட்டி விற்கப்படும் நெகிழிப் பொம்மைகள் பலவற்றில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே துளைதான், விடையும் ஒன்றே. துணிக்குவியலுக்குப் பல விடைகள் உண்டு என்பதால் அதுவே மேல்.

வகைக்குள் வகை என்பது இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது. ஆறு வாழைப்பழத்தையும் மூன்று ஆரஞ்சையும் வைத்து, “வாழைப்பழம் அதிகமா, பழம் அதிகமா?” என்று கேட்டால், ஐந்து வயதுக் குழந்தை பெரும்பாலும் வாழைப்பழம் என்றே சொல்லும். மனத்தில் இரண்டாகப் பிரித்த பிறகு முழுத் தொகுதி அதன் பார்வையிலிருந்து நீங்கிவிடுவதால், பகுதியை மற்றொரு பகுதியோடு ஒப்பிடுகிறது என்று பியாஜே விளக்கினார். கேள்வியின் அமைப்பும் இதில் பங்கு கொள்கிறது என்பது பின்னர் தெரியவந்தது. மார்கரெட் டொனால்ட்சன் 1978இல் எழுதிய நூலில் விவரிக்கும் ஜேம்ஸ் மெக்கேரிகிலின் சோதனையில், மூன்று கறுப்புப் பொம்மைப் பசுக்களும் ஒரு வெள்ளைப் பசுவும் படுக்க வைக்கப்பட்டன. கறுப்புப் பசு அதிகமா, பசு அதிகமா என்று கேட்டபோது ஆறு வயதை ஒட்டிய குழந்தைகளில் கால் பங்கினரே சரியாகச் சொன்னார்கள். கறுப்புப் பசு அதிகமா, தூங்கும் பசு அதிகமா என்று கேட்டபோது ஏறத்தாழப் பாதிப்பேர் சரியாகச் சொன்னார்கள். எனவே பழக்கேள்வியில் தடுமாறும் குழந்தையிடம், தட்டில் உள்ள எல்லாப் பழத்தையும் என்று அழுத்திச் சொல்லிப் பார்ப்பது நல்லது. அதற்கும் பலனில்லை என்றால் ஓராண்டு காத்திருக்கலாம்.

காய்கறிப் பையைக் காலி செய்யும் நேரம் இவ்வகை உரையாடலுக்கு மிகப் பொருத்தமானது. வாழைக்காய், வாழைப்பூ, வாழைத்தண்டு, வாழையிலை எல்லாம் ஒரே செடியிலிருந்து வந்தாலும், கீரையும் பூவும் அன்றே சமைக்க வேண்டியவை, காய் நாளைவரை தாங்கும், வெங்காயமும் உருளைக்கிழங்கும் குளிர்பெட்டிக்கு வெளியே கூடையில் கிடக்க வேண்டியவை. எது முதலில் வாடும் என்பதும் ஓர் அடிப்படையே, அதிலும் பயனுள்ளது.

எச்சரிக்கை ஒன்று இன்றியமையாதது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் புளியங்கொட்டை, பொத்தான், நாணயம், பயறு போன்ற சிறு பொருள்களைத் தரக் கூடாது, தொண்டையில் சிக்கும். பொத்தான் வடிவ பேட்டரியும் சிறு காந்தமும் எந்த வயதிலும் விளையாட்டுப் பொருள்கள் அல்ல. சிவப்பு உடலும் கறுப்புப் புள்ளியும் கொண்ட குன்றிமணி கண்ணைக் கவர்ந்தாலும், அதன் விதையில் கடும் நஞ்சு இருப்பதால் அதை வீட்டில் வைக்காமலிருப்பதே பாதுகாப்பு.

நாள்தோறும் வீட்டில் தானாக அமையும் பயிற்சி குப்பைக் கூடை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக் குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கு தரும் வீட்டுக்கழிவு என மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்றன. மூன்றாவதைப் பெரியவர்கள் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டு, முதல் இரண்டையும் நான்கு வயதுக் குழந்தையிடம் ஒப்படைக்கலாம். வாழைப்பழத் தோலில் ஐயம் எழாது. தேநீர்ப் பை, எண்ணெய் பட்ட காகிதம், தேங்காய் ஓடு ஆகியவற்றில் குழந்தை நின்று கேட்கும், பெற்றோருக்கும் விடை தெரியாமல் போகலாம். காலையில் வண்டியோடு வாசலுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அவற்றை எந்தக் கூடையில் வாங்கிக்கொள்கிறார் என்பதைக் குழந்தையையும் உடன் வைத்துக்கொண்டு அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.