நூறு வருஷத்துக்கு முன்னாடி நம்ம ஊருக்கு வந்தவங்க என்ன பார்த்தாங்க?



போன பௌர்ணமி அன்னைக்கு, கிரிவலப் பாதையில் எங்க அம்மா போட்டிருந்த இட்லிக் கடையில் நானும் உட்கார்ந்திருந்தேன். ஆந்திராவிலிருந்து வந்த ஒரு தாத்தாவும் பாட்டியும் சாப்பிட்டு முடிச்சுட்டு, அரைகுறைத் தமிழில் என்கிட்ட கேட்டாங்க. "நாளைக்கும் இங்கதான் இருப்போம் பாப்பா. இன்னும் என்ன பார்க்கலாம்?"

"பெரிய கோயில்" என்றேன்.

"அது பார்த்தாச்சு. வேற?"

எனக்கு வாயே வரல. "அவ்ளோதான்" என்று சொல்லிட்டேன். அவங்க தலையை ஆட்டிட்டுப் போயிட்டாங்க. எனக்கு வெட்கமா போச்சு. பதினாலு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், இரண்டாவது இடம் சொல்லத் தெரியல!

மறுநாள் வகுப்பில் கேட்டேன். "பாதாள லிங்கம் பார்த்தவங்க கை தூக்குங்க." ஆறு பேர்தான் தூக்கினாங்க. அதுக்கப்புறம் பள்ளி நூலகத்தில் புத்தகம் தேடிப் படிச்சேன், எங்க ஆயாகிட்டயும் கேட்டேன். நூறு, நூத்தி இருபது வருஷத்துக்கு முன்னாடி லாட்ஜ் இல்லை, ஆட்டோ இல்லை, போன் இல்லை. அப்பவும் ஜனங்க வந்தாங்க. அவங்க என்ன பார்த்தாங்க என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கேன்.

எப்படி வந்தாங்க?

விழுப்புரத்திலிருந்து காட்பாடி போகும் ரயில் பாதை 1896-க்கு முன்னாடியே வந்துவிட்டது. அப்போ அது மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு மீட்டர் இடைவெளி. ரயிலுக்குக் காசு இல்லாதவங்க மாட்டு வண்டியில் வந்தாங்க. அதுவும் இல்லாதவங்க நடந்தே வந்தாங்க.

ஒரு உதாரணம் சொல்றேன். 1896-ல் மதுரையில் வேங்கடராமன் என்று 16 வயசுப் பையன் ஒருத்தர் இருந்தார். அண்ணனுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்ட வச்சிருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கிட்டு, மீதி 2 ரூபாயையும் ஒரு சீட்டையும் வீட்டில் வச்சுட்டுக் கிளம்பினார். விழுப்புரம் வந்ததும் காசு தீர்ந்து போச்சு. இருந்த சில்லறைக்கு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் டிக்கெட் கிடைச்சது. அங்கேயிருந்து அறையணிநல்லூர் வரை சுமார் 16 கிலோமீட்டர் நடந்தார். கீழூரில் தன் காதில் இருந்த கடுக்கனை அடகு வச்சு 4 ரூபாய் வாங்கினார். அப்புறம் திருக்கோவிலூரில் ரயில் ஏறி, 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி காலையில் நம்ம ஸ்டேஷனில் இறங்கினார்.

இவரைத்தான் இப்போ ரமண மகரிஷி என்று சொல்றோம். இவரும் முதலில் நம்ம ஊருக்கு வந்த ஒரு வெளியூர்க்காரர்தான்!

வந்தவங்க தங்கினது சத்திரத்திலும் மடத்திலும். இடம் கிடைக்காதவங்க கோயில் மண்டபத்திலேயே துண்டை விரிச்சுப் படுத்துக்குவாங்க.

முதலில் பார்த்தது கோயில்

நம்ம அண்ணாமலையார் கோயில் சுமார் 25 ஏக்கர். கோபுரங்கள் மொத்தம் 9. கிழக்கே இருக்கும் ராஜகோபுரத்துக்கு 11 நிலை, உயரம் 217 அடி. விஜயநகர அரசர் கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1500-களின் தொடக்கத்தில் ஆரம்பிச்ச வேலையைத் தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர் முடிச்சார்.

ராஜகோபுரத்துக்குள் நுழைஞ்சதும் ஒரு பக்கம் ஆயிரங்கால் மண்டபம், இன்னொரு பக்கம் சிவகங்கைத் தீர்த்தம். பக்கத்திலேயே கம்பத்து இளையனார் சன்னதி. அருணகிரிநாதருக்காக முருகர் தூணில் காட்சி கொடுத்தார் என்பது ஐதிகம். உள்ளே போனால் கிளி கோபுரம். அருணகிரிநாதர் கிளியாகி அதில் தங்கினார் என்று சொல்வாங்க. அடுத்த முறை போகும்போது நிமிர்ந்து பாருங்க, சுதையில் செய்த கிளி தெரியும்.

ஆயிரங்கால் மண்டபத்துக்குக் கீழே படி இறங்கினால் பாதாள லிங்கம். ஊருக்கு வந்த வேங்கடராமன் முதலில் அந்த மண்டபத்தில்தான் கண்ணை மூடி உட்கார்ந்தார். அங்கே விளையாடிக்கிட்டு இருந்த பசங்க அவர் மேல் கல் எறிஞ்சாங்க. நம்ம ஊர்ப் பசங்க, நம்ம வயசுப் பசங்க! அதுக்குப் பயந்து அவர் கீழே இருட்டான பாதாள லிங்கத்துக்குப் போயிட்டார். அங்கே பூச்சிகள் கடிச்சுக் கால் எல்லாம் புண்ணாச்சு. ஊரில் சுத்திக்கிட்டு இருந்த சேஷாத்திரி சுவாமிகள் அவரைக் காப்பாத்தப் பார்த்தார். அப்புறம் சில பேர் சேர்ந்து தூக்கி வெளியே கொண்டு வந்தாங்க. 1949-ல் அந்த இடத்தைப் புதுப்பிச்சபோது, அதைத் திறந்து வச்சவர் அப்போ இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி.

இதைப் படிச்சதும் எனக்கு "அவ்ளோதான்" என்று நான் சொன்னது ஞாபகம் வந்துச்சு. நான் கல் எறியலைதான். ஆனாலும் அவங்களை வெறுமனே அனுப்பிட்டேனே!

அடுத்தது கிரிவலம்

மலையைச் சுத்தி 14 கிலோமீட்டர். வெறும் காலோடு நடக்கணும். வழியில் எட்டு திசைக்கும் எட்டு லிங்கம்: இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியம். மலைப் பக்கம் கண்ணுக்குத் தெரியாத சித்தர்கள் நடப்பாங்க என்ற நம்பிக்கையில், ஜனங்க இடது பக்கமாவே நடப்பாங்க. அந்தக் காலத்தில் தெரு விளக்கு கிடையாது, நிலா வெளிச்சம்தான். பௌர்ணமிக்கு நடக்க அதுவும் ஒரு வசதி இல்லையா?

கார்த்திகை தீபம் வந்தால் கூட்டம் தாங்காது. பத்து நாள் திருவிழா, ஏழாம் நாள் தேர், பத்தாம் நாள் சாயங்காலம் 2,668 அடி மலை உச்சியில் மகா தீபம். தீபத்தோடு மாட்டுச் சந்தையும் கூடும். சாமி கும்பிட்டுட்டு ஒரு ஜோடி காளை வாங்கிட்டுப் போற விவசாயிக்கு இரண்டு வேலையும் ஒரே பயணத்தில் முடிஞ்சிடும். "சந்தைக்கு வந்த மாட்டு மணிச் சத்தத்துல ராத்திரி தூக்கமே வராது" என்று எங்க ஆயா சொன்னாங்க.

மலையைப் பத்தி இன்னொன்னும் சொல்லணும். வர்றவங்களுக்கு அது பார்க்க அழகு. அடிவாரத்தில் இருக்கிறவங்களுக்கு அதுதான் வீட்டுப் பின்சுவர். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, புயல் மழையில் மண்ணும் பாறையும் சரிஞ்சு வ.உ.சி. நகரில் 7 பேர் இறந்துபோனாங்க. அந்த வருஷம் தீபத்தன்னைக்குப் பொதுமக்களை மலை ஏற விடல. மரம் வெட்டாமல், ஓடை அடைக்காமல் மலையைப் பார்த்துக்கிட்டால்தான் மலையும் நம்மைப் பார்த்துக்கும்.

குகைக்கு டிக்கெட்!

மலையில் விருபாட்சி குகை என்று ஒன்று இருக்கு. உள்ளே ஓம் வடிவத்தில் இருப்பதாகச் சொல்வாங்க. 1899-லிருந்து 1916 வரை ரமணர் அங்கேதான் தங்கியிருந்தார். கார்த்திகை தீப சமயத்தில் குகையைப் பார்க்க வர்றவங்ககிட்ட அதுக்குச் சொந்தமான மடம் ஒரு சின்னக் கட்டணம் வாங்குவது பழக்கம். நடுவில் ஒரு வழக்கினால் நின்னு, மறுபடியும் வாங்க ஆரம்பிச்சாங்க. அதுக்குள்ள வருஷம் முழுக்கக் கூட்டம் வர ஆரம்பிச்சிருந்தது. குகையைப் பார்க்க வந்தவங்களைவிட ரமணரைப் பார்க்க வந்தவங்கதான் அதிகம்.

தன்னைப் பார்க்க ஏழைகள் காசு கொடுக்கிறதை ரமணர் ஒத்துக்கல. சண்டையும் போடல. எழுந்து வெளியே போய் மரத்தடியில் உட்கார்ந்துக்கிட்டார். மரத்தடிக்கு வர்றவங்ககிட்டயும் காசு கேட்டதால் வேறொரு குகைக்கே போயிட்டார். கூட்டமும் அவர் பின்னாடியே போயிடுச்சு! கடைசியில், "நீங்க இருக்கிற வரை காசு வாங்க மாட்டோம்" என்று சொன்ன பிறகுதான் திரும்பி வந்தார். எவ்வளவு நல்ல பாடம் பார்த்தீர்களா!

அப்புறம் 1916-லிருந்து 1922 வரை அதுக்கு மேலே இருக்கும் கந்தாசிரமம். அங்கே நின்னு பார்த்தால் நம்ம கோயில் முழுசும் படம் வரைஞ்ச மாதிரி தெரியும். 1922-லிருந்து அடிவாரத்தில் ரமணாசிரமம்.

பார்க்க வந்தவரைப் பார்க்க வந்தவங்க

1911-ல் வேலூரில் போலீஸ் அதிகாரியா இருந்த ஹம்ப்ரீஸ் என்ற வெள்ளைக்காரர் மலை ஏறி வந்தார். அவர் எழுதிய கடிதங்கள் லண்டன் பத்திரிகையில் வந்தது. பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயர் வந்து தங்கி, 1934-ல் வெளியிட்ட புத்தகத்தால் நம்ம ஊர் பெயர் பல நாட்டுக்குப் போச்சு. 1938-ல் சாமர்செட் மாம் என்ற பெரிய நாவலாசிரியர் வந்துட்டுப் போனார். கடுக்கனை அடகு வச்சு வந்த பையனைப் பார்க்கக் கப்பல் ஏறி வந்தாங்க!

சோறு போட்டவங்க

ஆனால் மலை மேல் இருந்தவருக்கும் அங்கே வந்தவங்களுக்கும் சாப்பாடு எப்படிக் கிடைச்சது?

மண்டகொளத்தூர் எச்சம்மாள் என்று ஒரு அம்மா. இளம் வயதிலேயே கணவரையும் பிள்ளைகளையும் பறி கொடுத்தவங்க. அந்தத் துக்கத்தோடு இங்கே வந்தாங்க. முப்பது வருஷத்துக்கும் மேல, தினமும் வீட்டில் சமைச்சு மலைக்குத் தூக்கிட்டுப் போனாங்க. வெளியூரிலிருந்து வந்த பக்தர்களுக்கும் அவங்க வீட்டில் சாப்பாடு உண்டு. இன்னொருத்தர் கீரைப் பாட்டி. மலையில் கீரை பறிச்சுச் சமைச்சுக் கொடுப்பாங்க. முதலியார் பாட்டி என்றும் ஒருத்தர் இருந்தாங்க.

கல் எறிஞ்சதும் நம்ம ஊர். சோறு போட்டதும் நம்ம ஊர். எச்சம்மாளைப் பத்திப் படிக்கும்போது, விடியற்காலை நாலு மணிக்கு மாவு கரைக்கிற எங்க அம்மாவை நினைச்சுக்கிட்டேன். அம்மா காசு வாங்கித்தான் இட்லி விக்கிறாங்க. ஆனால் காசு இல்லை என்று சொன்னவங்களைப் பசியோடு அனுப்பினதை நான் பார்த்ததில்லை. "வந்தவங்க வயிறு காயக் கூடாது கண்ணு" என்பாங்க எங்க ஆயா.

அதே நேரத்தில் அமெரிக்காவில்

உலகத்தில் மற்ற ஊர்களில் அப்போ என்ன பார்த்தாங்க என்றும் தேடினேன். 1904-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே ஒரு ராட்சச ராட்டினம் இருந்தது. உயரம் 264 அடி, நம்ம ராஜகோபுரத்தை விட 47 அடி அதிகம்! 36 பெட்டி, ஒவ்வொன்றிலும் 60 பேர். அப்படியானால் ஒரே நேரத்தில் 2,160 பேர். ஜார்ஜ் ஃபெரிஸ் என்பவர் 1893-ல் சிகாகோ கண்காட்சிக்காகச் செய்தது. ஆனால் 1906-ல் அதை வெடி வச்சு உடைச்சுட்டாங்க. கண்காட்சி மாளிகைகளிலும் பெரும்பாலானவை சாந்தும் நாரும் கலந்து தற்காலிகமாகக் கட்டியவை. அவற்றையும் இடிச்சுட்டாங்க.

நம்ம ஊரில் அன்னைக்குப் பார்த்த கோயிலும், குகையும், பாதையும் இன்னைக்கும் இருக்கு. தானாக இருக்காது, ஒவ்வொரு தலைமுறையும் பார்த்துக்கிட்டதால் இருக்கு. இப்போ நம்ம முறை.

நாம் என்ன செய்யலாம்?

2024 மே மாதத்திலிருந்து சென்னைக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து நேரா நம்ம ஊருக்கு ரயில் வருது. இனிமேல் இன்னும் நிறைய பேர் வருவாங்க. அதனால்,

1. யாராவது "என்ன பார்க்கலாம்?" என்று கேட்டால், பாதாள லிங்கம், கிளி கோபுரம், எட்டு லிங்கம், விருபாட்சி குகை, கந்தாசிரமம் என்று சொல்லுங்க. மலைப் பாதைக்குப் பகலில், அனுமதி உள்ள நேரத்தில்தான் போகணும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க.

2. முதலில் நாமே போய்ப் பார்க்கணும். ஆறு கை அடுத்த வருஷம் எல்லார் கையும் ஆகணும்.

3. கிரிவலப் பாதையில் தட்டு, கவர் போடாதீங்க. எங்க கடைக்கு இனிமேல் மந்தார இலைதான். அம்மா ஒத்துக்கிட்டாங்க.

ஒரு ஊரைப் பார்க்க வர்றவங்க கோபுரத்தைப் பார்ப்பாங்க, மலையைப் பார்ப்பாங்க. ஊருக்குத் திரும்பிப் போய்ச் சொல்லும்போது, அங்கே யார் எப்படிப் பேசினாங்க என்பதையும் சொல்வாங்க. அடுத்த பௌர்ணமிக்கும் நான் கடையில் இருப்பேன். அந்தத் தாத்தா பாட்டி மறுபடியும் வருவாங்களா, தெரியாது. வேற யார் கேட்டாலும் "அவ்ளோதான்" என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

சின்னக் கேள்வி: எட்டு லிங்கத்தின் பெயரையும் மேலே பார்க்காமல் வரிசையாகச் சொல்ல முடியுமா? முயற்சி செய்யுங்க!



– 9-ஆம் வகுப்பு மாணவி