5-8-11: ஒரு பாசுரத்தின் விலாசம்

உங்களுக்குத் தெரியுமா?

சேத்தியாத்தோப்பிலிருந்து வீராணம் ஏரியை ஒட்டித் தெற்கே போனால் காட்டுமன்னார்கோயில் வரும். பழைய பெயர் வீரநாராயணபுரம். வைணவ ஆசாரியர் நாதமுனிகளின் ஊர். கோயிலுக்கு வந்த யாத்திரிகர்கள் குடந்தைப் பெருமாள்மீது பதினோரு பாசுரம் பாட, நாதமுனிகள் உருகிப்போய்க் கேட்டாராம். கடைசிப் பாசுரம், இது ஆயிரத்துள் ஒரு பத்து என்று தன் கணக்கைத் தானே சொல்லிவிட்டது. அப்படியென்றால் மீதி எங்கே? பாடியவர்களுக்குத் தெரியவில்லை. நம்மாழ்வாரின் ஊரான குருகூர்வரை நாதமுனிகள் போய்த் தேடி, ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரங்களையும் பெற்று வந்தார் என்கிறது வைணவக் குருபரம்பரை நூல். ஒரு நூலைத் துண்டு துண்டாகத் தரவுத்தளத்தில் சேமிக்கும் எவரும் முதலில் இந்தக் கதையைக் கேட்க வேண்டும். துண்டு தனியே கிடைத்தாலும், தான் எந்த மரத்தின் இலை என்று அது சொல்ல வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாத இலை வெறும் சருகுதான்.

அந்தக் கடைசிப் பாசுரத்தின் விலாசம் 5-8-11. ஐந்தாம் பத்து, எட்டாம் திருவாய்மொழி, பதினோராம் பாசுரம். எக்ஸ்எம்எல் போன்ற மரவடிவ ஆவணங்களைச் சாதாரண அட்டவணையில் வைக்க, 2002இல் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்த முறைகளுள் ஒன்று அச்சு அசலாக இதுவே. நூலகங்களின் டியூயி எண்ணை நினைத்து அதற்கு 'டியூயி வரிசை' என்று பெயர். ஐந்தாம் பத்து முழுவதும் வேண்டுமா? '5-' என்று தொடங்கும் வரிகளை எடுத்தால் போதும். கிளை கிளையாக ஏறி இறங்க வேண்டாம். ஒரு எச்சரிக்கை: விலாசத்தை எழுத்தாகச் சேமித்தால் கணினி 5-10ஐ 5-8க்கு முன்னால் வைத்துவிடும். 05-08-11 என்று பூஜ்யம் சேர்த்து எழுதுங்கள்.

இந்தப் பாசுரம் அடங்கிய திருவாய்மொழி நூல் முழுவதும் அந்தாதி. ஒரு பாசுரத்தின் முடிவு அடுத்ததன் தொடக்கம். 1102 பாசுரமும் இப்படிக் கோக்கப்பட்டு, கடைசிச் சொல் முதற்சொல்லைத் தொடுகிறது. நடுவில் ஓர் ஏடு தொலைந்தால் உடனே தெரிந்துவிடும். 'அடுத்தது எது' என்பதையும் இலையே சொல்லும் ஏற்பாடு இது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இதே விலாச முறையை நிலத்திலும் காணலாம், உங்கள் பட்டாவை எடுத்துப் பாருங்கள். 45/2 என்ற நிலத்தை அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொண்டால் 45/2ஏ, 45/2பி. அண்ணனின் பங்கு மறுபடி பிரிந்தால் 45/2ஏ1, 45/2ஏ2. பக்கத்துக் கரும்புக் கொல்லையின் எண் மாறுவதே இல்லை. மரத்தில் புதுக் கிளை விட்டால் மற்ற கிளைகளின் எண்ணைத் தொடக் கூடாது என்பதுதான் தரவுத்தளக்காரர்களின் பெரிய தலைவலி. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வருக்காக உருவாகி 2004இல் வெளியான 'ஆர்ட்பாத்' முறை, முதலில் 1, 3, 5 என்று ஒற்றை எண்களை மட்டும் கொடுத்து, இடைச்செருகலுக்கு இரட்டை எண்களை ஒதுக்கி வைத்தது. நம் சர்வேயர்கள் அதே சிக்கலை எழுத்தும் எண்ணும் மாற்றி மாற்றிப் போட்டுச் சமாளித்து வந்திருக்கிறார்கள்.

குறளுக்கு விலாசமே வேண்டாம், எல்லை போதும். அறத்துப்பால் 1 முதல் 380, பொருட்பால் 381 முதல் 1080, காமத்துப்பால் 1081 முதல் 1330. 395 எந்தப் பால் என்று கேட்டால் எல்லையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒவ்வொரு கிளைக்கும் தொடக்க எண், முடிவு எண் கொடுக்கும் இந்த முறையும் தரவுத்தளங்களில் உண்டு. தேடல் மின்னல் வேகம். ஆனால் நடுவில் ஒன்றைச் சேர்த்தால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை எண்களையும் மாற்ற வேண்டும். முடிந்துவிட்ட நூலுக்கு நல்லது. வளரும் ஆவணத்துக்கு ஆகாது.

 

சேத்தியாத்தோப்புக்கு இன்னொரு பக்கம் சிதம்பரம். அங்கே பூட்டிக் கிடந்த அறையிலிருந்துதான் ராசராசனும் நம்பியாண்டார் நம்பியும், கரையான் அரித்தது போக மிஞ்சிய தேவார ஏடுகளை மீட்டார்கள் என்பது மரபு. ஏட்டுக்கட்டு என்பது ஆவணத்தை ஒரே பொட்டலமாக வைப்பது. இன்று ஜேசான் ஆவணத்தைப் பிரிக்காமல் அப்படியே ஒரு கட்டத்தில் போடுகிறோமே, அதைப் போல. முழுசாகப் படிக்க வசதி. ஒரே ஒரு பாட்டு வேண்டுமென்றால், தனியாக அட்டவணை போட்டு வைக்காதவரை, ஒவ்வொரு கட்டாக அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

அதைவிட அழகானது அடுத்த விஷயம். தேவாரத்துக்குப் பதிப்பு மரபு இரண்டு. பண்முறையில் சம்பந்தர் பதிகங்கள் பண் வாரியாக நிற்கும். தலமுறையில் அவையே ஊர் வாரியாக நிற்கும். 'கோயில்' என்று சைவர்கள் சொல்லும் சிதம்பரம்தான் அதில் முதல். இலைகள் அவையேதான், மரங்கள் இரண்டு. தரவுத்தளத்தில் இதைச் செய்ய, பதிகத்தை ஒரே ஒரு முறை சேமித்து, பண்ணுக்கு ஒரு விலாசம், தலத்துக்கு ஒரு விலாசம் என இரண்டை அதற்குக் கொடுத்தால் போதும். ஓதுவாருக்குப் பண் வழி, யாத்திரிகருக்கு ஊர் வழி.