நண்பன்கிட்ட இயேசுவைப் பத்தி எப்படிப் பேசுறது?

இந்த எபிசோடை ராஜபாளையத்துல எங்க வீட்டு மாடி ரூம்ல உக்காந்து ரெக்கார்ட் பண்றேன். ராத்திரி சென்னையில பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறுனா காலையில இங்க இறங்கிடலாம். நடுவுல நாய் குரைக்கிற சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, எங்க ஊர் பேரே நாயாலதான் பாதிப் பேருக்குத் தெரியும்.

உங்ககிட்ட இருந்து வர்ற மெயில்ல ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது. "ஆபீஸ்ல நான் கிறிஸ்டியன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா விசுவாசத்தைப் பத்திப் பேச வாய் வரமாட்டேங்குது. பேசாம இருந்தா குற்ற உணர்ச்சி, பேசினா ஃப்ரெண்ட்ஷிப் போயிடுமோன்னு பயம்." இதுக்கு நான் பதில் சொல்றதுக்கு முன்னாடி, நான் எப்படி இதைச் சொதப்பினேன்னு சொல்லிடறேன்.

எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு நண்பன். காலேஜ்ல நாலு வருஷம் ஒரே ரூம். ஆண்டாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருதான் வீடு. சில வருஷத்துக்கு முன்னாடி அவனோட அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மதுரையில ஐ.சி.யூல இருந்தாரு. நான் ஓடிப்போனேன். காரிடார்ல ரிப்போர்ட் ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னான். நான் பாக்கெட்ல இருந்த கைப்பிரதியை எடுத்து அவன் கையில வச்சு, "மாப்ள, இயேசு உங்கப்பாவைச் சுகமாக்குவாரு. நீ மட்டும் நம்பு"ன்னு சொன்னேன். அவன் அதை மடிச்சு ஃபைலுக்குள்ள வச்சுட்டு, "மெடிக்கல்ல இந்த ஊசி மருந்து வாங்கிட்டு வர்றியாடா?"ன்னு கேட்டான். அவனுக்கு அப்ப தேவைப்பட்டது அது ஒண்ணுதான்.

பதினோராவது நாள் அப்பா இறந்துட்டாரு. அதுக்கப்புறம் மெசேஜ் போட்டா "ம்", "சரி"ன்னு மட்டும் பதில் வந்தது. ஒரு வருஷம் கழிச்சு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல டீ குடிக்கும்போது கேட்டான்: "அப்ப எங்கப்பா செத்தது நான் நம்பாததாலயாடா?"

டீ கிளாஸைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன். நான் சொன்ன வாக்கியத்துக்குள்ள அந்த அர்த்தம் ஒளிஞ்சிருந்தது எனக்குத் தெரியவே இல்ல. ஒரு வருஷமா அவன் அதைச் சுமந்திருக்கான். "இல்லடா, நான் சொன்னது தப்பு. மன்னிச்சிரு"ன்னு சொன்னேன். வேற எதுவும் சொல்லத் தோணல.

வீட்டுக்கு வந்து 1 பேதுரு 3:15ஐ எடுத்து மறுபடி படிச்சேன். சாட்சி சொல்றதைப் பத்திப் பேசுற எல்லாக் கூட்டத்துலயும் இந்த வசனம் வரும். உங்க நம்பிக்கைக்குக் காரணம் கேக்குற எவருக்கும் பதில் சொல்லத் தயாரா இருங்க, அதை மென்மையாவும் மரியாதையாவும் செய்யுங்கன்னு சொல்ற வசனம். சின்ன வயசுல இருந்து எனக்கு இதுல "தயாரா இருங்க" மட்டும்தான் காதுல விழுந்திருக்கு. ஆனா அந்த வசனத்துல முதல்ல பேசறது நாம இல்ல, எதிர்ல இருக்கிறவர். அவர் கேக்குறாரு, நாம பதில் சொல்றோம். அந்தக் கடிதம் எழுதப்பட்டது இன்னைக்குத் துருக்கின்னு நாம சொல்ற பகுதியில சிதறி வாழ்ந்த ஒரு சின்னக் கூட்டத்துக்கு. சுத்தி இருந்தவங்க அவங்களைச் சந்தேகமாத்தான் பார்த்தாங்க. கேள்வி வர்ற மாதிரி ஒரு வாழ்க்கை முதல்ல இருக்கணும்னு பேதுரு எதிர்பார்க்கிறாரு. ஐ.சி.யூ வாசல்ல என் நண்பன் என்கிட்ட எந்தக் கேள்வியும் கேக்கல, மருந்துதான் கேட்டான்.

"அப்ப யாராவது கேக்குற வரைக்கும் சும்மா இருக்கணுமா?"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. நம்ம ஏரியாவுலயே சும்மா இருக்காத ஒரு ஆள் இருந்தாரு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து சிவகாசி சுமார் 20 கிலோமீட்டர். அங்க 1858 அக்டோபர் 22ஆம் தேதி தாமஸ் ராக்லண்ட்னு ஒரு ஆங்கிலேய மிஷனரி இறந்தாரு. வயசு 43. கேம்பிரிட்ஜ்ல 1841ல கணிதத் தேர்வுல நாலாவது இடம் வாங்கின ஆளு. அங்கேயே பேராசிரியரா உக்காந்திருக்கலாம். சி.எம்.எஸ். மிஷன்ல சேர்ந்து சென்னைக்கு வந்து ஆபீஸ் நிர்வாகத்தைப் பார்த்தாரு. அப்புறம் அதையும் விட்டுட்டு, 1854ல வடக்குத் திருநெல்வேலிக்கு வந்துட்டாரு. இன்னைய விருதுநகர் மாவட்டத்தோட மேற்குப் பகுதி அப்ப திருநெல்வேலி ஜில்லாவுலதான் இருந்தது.

அவரோட முறை ரொம்ப சிம்பிள். பங்களா கிடையாது, கூடாரம்தான். ஒரு இடத்துல கூடாரம் அடிச்சு, சுத்தியிருக்கிற கிராமங்களுக்குக் காலையும் மாலையும் போய்ப் பேசுறது, அப்புறம் கூடாரத்தைப் பிரிச்சு அடுத்த இடம். டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ்னு ரெண்டு பேர் கூட இருந்தாங்க. எனக்கு இதுல முக்கியமாப் படுறது வேற ஒண்ணு. தெற்குத் திருநெல்வேலி சபைகள்ல இருந்து தமிழ் உபதேசிமார் முறை வச்சு மாறி மாறி வந்து இவங்களோட ஊர் ஊரா நடந்தாங்க. வெள்ளைக்காரங்க பேர் புத்தகத்துல இருக்கு. டோனாவூர் ஏமி கார்மைக்கேல் 1922ல ராக்லண்டைப் பத்தி ஒரு புத்தகமே எழுதினாங்க. ஆனா கிராமத்துத் திண்ணையில உக்காந்து, அந்த ஊர்க்காரங்க பேசுற தமிழ்லயே பேசியிருக்கக்கூடியவங்க அந்த உபதேசிமார்தான்.

அவர் உயிரோட இருந்த காலத்துல கிடைச்ச பலன் ரொம்பக் குறைவு. நாலு வருஷம், நுரையீரல் வியாதி, அவ்வளவுதான். அவரை நான் ஹீரோ ஆக்க விரும்பல. ஆட்சி ஆங்கிலேயர் கையில இருந்த காலம் அது. ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குள்ள வந்து நின்னா, ஜனங்க அவரைச் சாதாரண விருந்தாளியா பார்த்திருக்க முடியாது. வேண்டாம்னு முகத்துக்கு நேரா சொல்றதும் சுலபமா இருந்திருக்காது. இதை மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வர்றேன்.

அதே 1858ல, இதோட நேரடித் தொடர்பே இல்லாம, இன்னொரு விஷயம் நடந்தது. திருநெல்வேலிப் பக்கத்து வைணவக் குடும்பத்துல பிறந்த ஹெச். ஏ. கிருஷ்ண பிள்ளை சென்னையில ஞானஸ்நானம் எடுத்தாரு. பின்னாடி 1894ல 'இரட்சணிய யாத்திரிகம்' எழுதினவர். சாயர்புரத்துல மிஷன் பள்ளியில தமிழ் ஆசிரியரா இருந்தவருக்கு ஆரம்பத்துல கிறிஸ்தவம் பிடிக்கவே பிடிக்காது. அவரை அசைச்சது மேடைப் பிரசங்கம் இல்ல, அவருக்கு முன்னாடியே விசுவாசத்துக்கு வந்த தம்பியும் தனக்கோடி ராஜுங்கிற நண்பரும். நண்பரோட பேச்சு, வாசிப்பு, விவாதம், பல வருஷ யோசனை. அவசரப்படுத்த முடியாத ஆளு. தமிழும் வைணவ பக்தியும் ஊறின மனசு அது, அந்தப் பக்தி மொழி அவர் கிறிஸ்தவப் பாடல்கள்லயும் கேக்கும். ஆண்டாள் ஊர்க்காரன் ஒருத்தனை நண்பனா வச்சிருக்கிற எனக்கு இது ரொம்பப் பக்கத்துல இருக்கிற கதை.

சரி, சட்டம் என்ன சொல்லுது? அரசியல் சாசனத்தோட 25ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் இதுக்கெல்லாம் உட்பட்டுத்தான். "பரப்ப"ங்கிற அந்த ஒரு வார்த்தை வேணுமா வேண்டாமான்னு 1948 டிசம்பர் 6ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில பெரிய விவாதமே நடந்தது. அன்னைக்கு அந்த வார்த்தை இருக்கட்டும்னு பேசினவங்கள்ல ஒருத்தர் நம்ம டி.டி. கிருஷ்ணமாச்சாரி. தான் பதினாலு வருஷம் கிறிஸ்தவ நிறுவனங்கள்ல படிச்சதாவும், யாரும் தன்னை மதம் மாத்த முயற்சி பண்ணலன்னும் சொன்னாரு. யோசிச்சுப் பாருங்க. அந்த உரிமைக்காக ஒரு இந்து எழுந்து பேசினதுக்குப் பின்னாடி, அவரை நிர்ப்பந்திக்காம பாடம் நடத்தின ஆசிரியர்கள் இருந்திருக்காங்க. 1977ல ஸ்டானிஸ்லாஸ் வழக்குல உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டுச்சு: மதத்தைப் பத்தி எடுத்துச் சொல்ல உரிமை உண்டு, அடுத்தவரை மதம் மாத்துறதுங்கிறது தனி உரிமை கிடையாது. நம்ம ஆட்கள் சிலருக்கு அந்தத் தீர்ப்பு மேல வருத்தம் உண்டு. அதை விவாதிக்க இது எபிசோட் இல்ல. ஆனா அடுத்தவரோட மனசாட்சி அவருக்குச் சொந்தம்ங்கிறதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

இப்ப ஆபீஸுக்கு வருவோம். நீங்க டீம் லீட், உங்களுக்குக் கீழ புதுசா சேர்ந்த ஒரு பொண்ணு. அவங்க அப்ரைசல் உங்க கையில. நீங்க கைப்பிரதியை நீட்டினா அவங்க சிரிச்சுக்கிட்டே வாங்கிக்குவாங்க. அது சம்மதம் இல்ல, சம்பளம். ராக்லண்ட் விஷயத்துல சொன்னேன்ல, அதே பிரச்சினைதான். மில் முதலாளி தொழிலாளிகிட்டப் பேசினாலும் இதே கதைதான், ஆஸ்பத்திரியில படுக்கையில கிடக்கிறவங்ககிட்டப் பேசினாலும் இதேதான். "வேண்டாம்"னு சொல்லிட்டு நிம்மதியா எழுந்து போக முடியாத இடத்துல நீங்க பேசாதீங்க. அங்க செய்ய வேண்டிய வேலையை ஒழுங்காச் செய்யுங்க. அடுத்தவர் தப்பைத் தன் தலையில ஏத்துக்கிற லீடைப் பார்த்தா, என்னைக்காவது ஒருத்தர் ஏன்னு கேப்பாங்க.

சமமான இடத்துல, டீக்கடையில, ரயில்ல, ரூம்மேட்கிட்ட பேசுங்க, தாராளமா. யோவான் 4ல இயேசு சமாரியப் பெண்கிட்ட முதல்ல கேட்டது தண்ணி. உதவி கேட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்கிறாரு. நாம எப்பவும் கொடுக்கிறவங்களாவே போய் நிக்கிறோம், அதுலயே பாதி மேட்டிமை வந்துடுது. "ஞாயித்துக்கிழமை எங்க போன?"ன்னு கேட்டா, "வெளிய போயிருந்தேன்"னு மழுப்பாம "சர்ச்சுக்கு"ன்னு சொல்லுங்க. உங்க சந்தேகத்தையும் சேர்த்துச் சொல்லுங்க. யாருக்காவது உடம்பு சரியில்லன்னா "ஜெபிக்கட்டுமா?"ன்னு கேளுங்க, கேள்விக்குறியோட. முடிவு என்ன ஆகும்னு வாக்குக் கொடுக்காதீங்க, அது நம்ம கையில இல்ல. முக்கியமா, மருந்து வாங்கிட்டு வாங்க.

போன ஆடிப்பூரத்துக்கு நண்பன் கூப்பிட்டான், போனேன். அவன் தேர் வடம் பிடிச்சான், நான் அவன் செருப்பையும் போனையும் வச்சுக்கிட்டு கடை ஓரமா நின்னேன். சாயங்காலம் பால்கோவா வாங்கும்போது திடீர்னு கேட்டான்:

"நீ ஜெபம் பண்ணும்போது எங்க வீட்டு ஆளுங்க பேரெல்லாம் சொல்லுவியா?"

"உங்கம்மா பேரைச் சொல்லுவேன்டா. தினமும்."

கொஞ்ச நேரம் பால்கோவா பெட்டியையே பார்த்துக்கிட்டு இருந்தான். "அம்மாவுக்கு இப்ப முட்டி வலி. அதையும் சேர்த்துக்கோ"ன்னான்.

சேர்த்துக்கிட்டேன். அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.