விழுந்த மழை எங்கே போகிறது?

ஐப்பசி பிறந்தால் சென்னை மக்களுக்கு இரண்டு கவலைகள். மழை பெய்யாவிட்டால் கோடையில் குடிநீர் இராது. பெய்துவிட்டாலோ வீட்டுக்குள் வெள்ளம் புகும். 2015 டிசம்பர் 1, 2 ஆகிய நாள்களில், 24 மணி நேரத்துக்குள் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நகரமே வெள்ளக்காடாயிற்று. அதே சென்னையில் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களுடன் லாரிக்காகக் காத்து நின்றனர். ஆண்டுக்குச் சராசரி 140 சென்டிமீட்டர் மழை பெறும் ஊருக்கு ஏன் இந்த நிலை? விழுந்த மழை எங்கேதான் போகிறது?

மண் செய்யும் பணி

மரமும் புல்லும் உள்ள திறந்த நிலத்தில் மழை விழும்போது, இலைகள் அதன் வேகத்தைத் தணிக்கின்றன. வேர்கள் இளக்கிய மண் அதனை உறிஞ்சிக்கொள்கிறது. அத்தகைய நிலத்தில் மழைநீரில் பாதியளவு மண்ணுக்குள் இறங்கும். பத்தில் ஒரு பங்கே வழிந்தோடும் என்பது அமெரிக்க வல்லுநர்கள் தரும் பொதுக் கணக்கு. அந்நிலத்தின் முக்கால் பங்குக்கு மேல் கட்டடமும் சிமெண்டும் மூடிவிட்டால், பாதிக்கு மேல் வழிந்தோடிவிடுகிறது. வானம் மாறவில்லை, தரைதான் மாறிவிட்டது.

ஒரு சிறு கணக்கு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2,400 சதுர அடி, ஏறத்தாழ 223 சதுர மீட்டர். அதன்மேல் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 11,000 லிட்டர்! ஒரு பெரிய தண்ணீர் லாரி கொள்ளும் அளவு இது. புதிய குடியிருப்பு ஒன்றில் இத்தகைய மனைகள் நூறு இருந்தால் 11 லட்சம் லிட்டர். மனை முழுவதும் சிமெண்டு பூசி, வாசலைத் தெருப்பக்கம் சரித்துவிட்டால், இவ்வளவும் ஒரே நேரத்தில் தெருவுக்கு வருகிறது. அங்கிருந்து எங்கே போகும்? பள்ளத்தில் வீடு கட்டிக்கொண்டிருப்பவரின் வாசலுக்குத்தான். அவர் பெரும்பாலும் ஏழை. வாய்க்காலை அகலப்படுத்தினால் மட்டும் போதாது; வெள்ளம் அடுத்த பள்ளத்துக்கு விரைந்து போகும், அவ்வளவே.

செய்ய வேண்டியவை யாவை?

1990-களில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பிரின்ஸ் ஜார்ஜ் மாவட்டத்தார் ஒரு முறையை வகுத்தனர். மழைநீரைத் தொலைவுக்கு விரட்டாமல், விழுந்த இடத்திலேயே தேக்கி மண்ணுக்குள் இறக்குவதே அதன் சாரம். மனை வரைபடம் போடும்போதே இதனை எண்ண வேண்டும்.

முதலாவது, நிலத்தில் இயல்பாக உள்ள மரங்களையும் பள்ளங்களையும் காப்பாற்றுதல். மண்ணடித்து மேடாக்கிய பின் அவை திரும்பக் கிடையா.

இரண்டாவது, வேண்டிய இடத்துக்கு மட்டும் தளம் போடுதல். வண்டி நிற்கும் இடத்தில் இடைவெளி விட்டுக் கற்களைப் பதித்து, நடுவே புல் வளர்க்கலாம்.

மூன்றாவது, பூம்பாத்தியை மேடாக அமைக்காமல், தரையைவிட அரை அடி தாழ்வாக அமைத்தல். சுற்றியுள்ள நீர் அதில் தங்கி மெல்ல இறங்கும்.

நான்காவது, கூரை நீரைக் குழாய் வழியே வடிகட்டிக் கிணற்றிலோ, ஜல்லியும் மணலும் நிரப்பிய குழியிலோ சேர்த்தல். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதை நாம் அறிவோம். ஆனால் குழியில் சேறு அடைத்துக்கொண்டால் பயனில்லை. ஆண்டுதோறும் மழைக்கு முன்பே தூர்வார வேண்டும். களிமண் நிலத்தில் நீர் எளிதில் இறங்காது. அங்கே குழியை ஆழமாக்கி மணற்படுகை வரை கொண்டுசெல்ல வேண்டும்.

இவையெல்லாம் அன்றாட மழைக்குப் போதும். 2015-இல் பெய்ததுபோன்ற பெருமழையில் மண் நிறைந்துவிடும். அப்போது நம்மைக் காப்பவை ஏரிகளும் சதுப்பு நிலங்களுமே. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு நீர் செல்லுமாறு நம் முன்னோர் அமைத்திருந்தனர். அவ்வழியில் வீடு கட்டினால் நீர் வேறெங்கே போகும்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பெரும்பகுதி அழிந்த பின்னரே, 2022-இல் எஞ்சியது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் நிலமாக அறிவிக்கப்பட்டது.

நம் கடமை

தோழியரே! ஆயிரம் சதுர மீட்டர் கூரையுள்ள ஒரு பள்ளியின்மேல் சென்னையில் ஓராண்டில் விழும் மழை 14 லட்சம் லிட்டர். நம் பள்ளியின் கூரை நீர் எங்கே போகிறது என்று அடுத்த மழையன்று பார்ப்போம். நம் வீட்டிலும் பார்ப்போம். புனித பிரான்சிஸ் அசிசியார் தண்ணீரைத் தம் சகோதரியாகப் போற்றினார். அச்சகோதரியை வாசலிலிருந்து விரட்டிவிட்டு, கோடையில் அவளைத் தேடி அலைவது அறிவுடைமை ஆகாது. அதைவிட, நாம் வெளியே தள்ளும் நீர் அடுத்தவர் அடுப்பை அணைக்கிறது என்பதை மறவாதிருப்போம். அயலாரை நேசிப்பது நம் வீட்டு முற்றத்திலிருந்தே தொடங்கட்டும்.