உலகக் கோப்பை ஜெயித்தது நினைவில்லை: ரக்பி வீரர் என்கிற வேலைக்கு என்ன விலை?

2003 நவம்பர் 22, சிட்னி. ரக்பி உலகக் கோப்பை இறுதிப் போட்டி. கூடுதல் நேரமும் முடியப் போகிறது. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் 17-17. மைதானத்தின் ஓரக்கோட்டுக்கு வெளியே நின்று இங்கிலாந்தின் ஸ்டீவ் தாம்சன் பந்தை உள்ளே வீசுகிறார். வரிசையின் கடைசியில் இருக்கும் லூயிஸ் மூடி தாவிப் பிடிக்கிறார். சில கைகள் மாறி ஜானி வில்கின்சனிடம் வருகிறது பந்து. அவர் வலது காலால் அடிக்க, அது இரண்டு கம்பங்களுக்கு நடுவே பறக்கிறது. 20-17. இங்கிலாந்து உலக சாம்பியன்.

அந்தப் பந்தை வீசிய தாம்சனுக்கு இதில் எதுவுமே நினைவில் இல்லை. வீடியோவைப் போட்டுப் பார்த்தாலும், அதில் ஓடுகிற ஆள் தான்தான் என்று தோன்றவில்லை என்கிறார். 2020-ல் அவருக்கு டிமென்ஷியா என்று டாக்டர்கள் சொன்னபோது வயது 42.

இந்தக் கதை நமக்கு எதற்கு? 2025 ஜூனில் மும்பையில் நடந்த ரக்பி பிரீமியர் லீகின் முதல் சீசனை ஜெயித்தது சென்னை புல்ஸ் அணி. அது ஏழு பேர் ஆடும் குட்டி வடிவம். ஆனாலும் ரக்பி ஆடிச் சம்பாதிக்கலாம் என்ற எண்ணம் இங்கேயும் வந்துவிட்டது. அப்படியென்றால், இந்த வேலை ஏற்கெனவே வேரூன்றிய ஊரில் அது எப்படி நடந்தது என்று பார்ப்பது நல்லது. இங்கே பேசுவது 15 பேர் ஆடும் 'ரக்பி யூனியன்' பற்றி.

ரக்பி எப்போது வேலையானது?

1995 ஆகஸ்டில். அதுவரை ரக்பி யூனியனில் ஆடுவதற்குக் காசு வாங்குவது குற்றம், மாட்டினால் தடை. நாட்டுக்காக ஆடியவர்கள்கூட திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்கோ, போலீஸ் ஸ்டேஷனுக்கோ, ஆபீசுக்கோ கிளம்ப வேண்டும். பாரிஸில் கூடிய சர்வதேச ரக்பி வாரியம் அந்த விதியைத் தூக்கிய பிறகுதான் கான்ட்ராக்ட், ஏஜென்ட், சம்பளம் எல்லாம் வெளிப்படையாக வந்தன.

1978-ல் பிறந்த தாம்சன், முழுநேர வேலையாகவே ரக்பிக்குள் நுழைந்த முதல் தலைமுறை. நார்தாம்ப்டன் கிளப்பில் தொடங்கி, 2002-ல் இங்கிலாந்து அணிக்குள் வந்தார். 2007-ல் கழுத்துக் காயத்தால் ஓய்வு என்று அறிவித்தார். பிறகு டாக்டர்கள் சம்மதித்ததும் பிரான்ஸின் பிரீவ் கிளப்பில் திரும்ப ஆடினார். அப்புறம் லீட்ஸ், கடைசியாக வாஸ்ப்ஸ். 2011-ல் மறுபடியும் கழுத்து, இந்த முறை நிரந்தர ஓய்வு. வயது 33. இங்கிலாந்துக்காக ஆடியவை 73 போட்டிகள்.

ஐடி-யில் இருப்பவருக்கு 33 என்பது டீம் லீடாகி அடுத்த படியைப் பார்க்கிற வயது. ரக்பியில் அது செட்டில்மென்ட் வயது.

சம்பளம் நல்லா இருக்குமா?

இருக்கும், ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. இங்கிலாந்தின் மேல்தட்டு லீகில் ஒரு கிளப் வருடத்துக்குச் சம்பளமாகக் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு 64 லட்சம் பவுண்டு. அணியில் 40 பேர் என்று வைத்தால் ஆளுக்கு 1.6 லட்சம் பவுண்டு வரும். இது வெறும் சராசரி. பெரிய பங்கு நட்சத்திரங்களுக்குப் போய்விடும், 20 வயதுப் பையனுக்கு அதில் சிறு துண்டுதான். ஒப்பிட்டுப் பாருங்கள்: 2025 ஐபிஎல் ஏலத்தில் ஒரு அணியின் பட்ஜெட் 120 கோடி ரூபாய், அதிகபட்சம் 25 பேர், ரெண்டு மாத ஆட்டம்.

கம்பெனியே நிலைக்குமா என்பது அடுத்த கேள்வி. 2022-23 சீசனில் மட்டும் வூஸ்டர், வாஸ்ப்ஸ், லண்டன் ஐரிஷ் என மூன்று கிளப்புகள் திவாலாகி லீகிலிருந்து காணாமல் போயின. 13 அணி லீக் 10 ஆகச் சுருங்கியது. வீரர்கள் சீசன் நடுவிலேயே வேலை தேடி அலைந்தார்கள். வாஸ்ப்ஸ், தாம்சன் கடைசியாக ஆடிய அதே கிளப்.

அடிகளை யார் எண்ணினார்கள்?

விஷயமே இதுதான். ரக்பி என்றால் அடிபடும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் டிவியில் நாம் பார்ப்பது வாரத்துக்கு 80 நிமிடம். முழுநேர வேலையானதும் மாறியது மீதி நாட்கள்.

தாம்சன் 'ஹூக்கர்'. ஸ்க்ரம் என்கிற தள்ளுமுள்ளில் முன்வரிசையின் நடுவில் நிற்பவர். இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர், ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 900 கிலோ. ஹூக்கரின் இரண்டு கைகளும் பக்கத்து ஆட்களின் தோளில் கோர்த்திருக்கும், மோதலில் முன்னால் போவது தலையும் கழுத்தும். அவர் காலத்தில் இரண்டு அணிகளும் கொஞ்சம் தள்ளி நின்று ஒன்றின் மேல் ஒன்று பாய்ந்து மோதின. 2013-ல்தான், முதலில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு பிறகு தள்ளுங்கள் என்று விதி மாறியது. மோதலின் வேகம் சுமார் கால் பங்கு குறைந்தது.

பயிற்சியில் எதிராளிக்குப் பதிலாக இரும்பு ஸ்க்ரம் மெஷின். அதிலும் முட்டல், திரும்ப முட்டல். மயங்கி விழுந்தால்தான் 'கன்கஷன்' என்று குறிப்பெழுதுவார்கள். கண்ணில் பூச்சி பறந்து, தலையை உதறிவிட்டு எழுந்து நிற்கும் சின்னச் சின்ன அடிகளுக்குக் கணக்கே கிடையாது. மூளையைச் சிதைப்பதில் வருடக்கணக்கில் சேரும் இந்தச் சின்ன அடிகளுக்கும் பெரிய பங்கு உண்டு என்பதுதான் இன்று ஆய்வாளர்களின் கவலை.

டேட்டா என்ன சொல்கிறது?

ஸ்காட்லாந்துக்காக ஆடிய 412 முன்னாள் வீரர்களை, அதே வயதும் பின்னணியும் கொண்ட 1,200-க்கும் மேற்பட்ட பொதுமக்களோடு கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். 2022-ல் முடிவு வெளியானது. வீரர்களுக்கு டிமென்ஷியா ஆபத்து இரண்டு மடங்குக்குச் சற்று மேல், பார்க்கின்சன் மூன்று மடங்கு, மோட்டார் நியூரான் நோய் 15 மடங்கு.

15 மடங்கு என்றதும் தலைப்புச் செய்தி தயார். கொஞ்சம் நில்லுங்கள். மோட்டார் நியூரான் நோய் மிக அரிது. அரிதான ஒன்றைப் பதினைந்தால் பெருக்கினாலும் பெரும்பாலானவர்களுக்கு அது வரப்போவதில்லை. இன்னொரு பக்கம், அந்த வீரர்களின் சராசரி ஆயுள் பொதுமக்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. ஆனால் என்னை உறுத்துவது வேறு: அந்த 412 பேரில் பெரும்பாலானவர்கள் அமெச்சூர் காலத்தவர்கள். வாரம் முழுக்க மோதிய தாம்சன் தலைமுறையின் கணக்கு முழுதாக வர இன்னும் பல வருடம் ஆகும்.

அந்த இறுதிப் போட்டியில் தாம்சன் வீசிய பந்தைப் பிடித்த லூயிஸ் மூடி, தனக்கு மோட்டார் நியூரான் நோய் இருப்பதாக 2025 அக்டோபரில் அறிவித்தார். தனி ஒருவரின் நோய்க்கு ரக்பிதான் காரணம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

யார் பொறுப்பு?

2020 டிசம்பரில் தாம்சன், வேல்ஸின் அலிக்ஸ் பாப்ஹம் உள்ளிட்ட முன்னாள் வீரர்கள், உலக ரக்பி அமைப்பு மீதும் இங்கிலாந்து, வேல்ஸ் சங்கங்கள் மீதும் சட்ட நடவடிக்கை தொடங்கினார்கள். ஆபத்து தெரிந்தும் போதிய பாதுகாப்பு தரவில்லை என்பது குற்றச்சாட்டு. பிறகு நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்துகொண்டார்கள். எங்களுக்கு வீரர் நலன்தான் முதலில், அறிவியல் சொன்னதையெல்லாம் செய்தோம் என்பது அமைப்புகளின் பதில். ஃபேக்டரியில் கை போனால் நிர்வாகத்தைக் கேட்கிறோம் இல்லையா, அதே கேள்விதான் இங்கேயும்.

இதற்கிடையே மாற்றங்கள் வந்தன. முழு மோதல் பயிற்சி வாரத்துக்கு 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்று 2021-ல் உலக ரக்பி வழிகாட்டியது. தலையில் அடிபட்ட சந்தேகம் வந்தாலே வீரரை வெளியே கூட்டிப்போய் 12 நிமிடம் சோதிக்கிறார்கள். 2024 முதல், மோதலின் அளவைப் பதிவுசெய்யும் சென்சார் பொருத்திய பல்கவசமும் இந்தச் சோதனையின் ஒரு பகுதி. எண்ணப்படாமல் போன அடிகள் கடைசியில் ஒரு எக்செல் ஷீட்டுக்குள் வந்திருக்கின்றன.

தாம்சனுக்கு வந்திருப்பது சிடிஇ என்ற மூளைச் சிதைவாக இருக்கலாம் என்று டாக்டர்கள் சந்தேகிக்கிறார்கள். இறந்த பிறகு மூளையை வெட்டிப் பார்த்தால்தான் அதை உறுதிசெய்ய முடியும். 2021-ல் அவர் தன் மூளையை ஆராய்ச்சிக்குத் தர சம்மதித்திருக்கிறார்.